கோதா மண்

செம்மண்ணைச் சலித்து, கல்லும் வேரும் பொறுக்கிப் போட்டு, நல்லெண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் சேர்த்துப் பிசைந்து பதமாக்குவார்கள். எத்தனை முறை தூக்கிப் போட்டாலும் உடம்பைத் தாங்கிக்கொள்ளும் மண் அது. அது பரப்பிய குஸ்திக் களத்துக்குத் தமிழில் கோதா என்று பெயர். அஞ்செட்டிப் பக்கத்தில் பாதிப் பேச்சு கன்னடம் என்பதால் எங்கள் பெரியவர்களுக்கு அது 'கரடி மனை'. தசரா வந்தால் மைசூரில் தொட்டகெரெ மைதானத்துக் குஸ்தியைப் பற்றித்தான் திண்ணைப் பேச்சு. யார் யாரைச் சாய்த்தார், எந்தப் பிடியில் சாய்த்தார் என்று போய்வந்தவர்கள் சொல்லச் சொல்ல, பொடியன்கள் நாங்கள் வாய் பிளந்து கேட்டிருப்போம்.

எங்கள் பெரியப்பா இளவயதில் அந்த மண்ணில் புரண்டவர். ராகிக் களியும் கொள்ளும் தின்று, விடியலில் தண்டாலும் பஸ்கியும் எடுத்து, கர்லாக்கட்டை சுற்றி ஏற்றிய உடம்பு. அவர் கையெடுத்துக் கும்பிட்ட பெயர்கள் மூன்று: அனுமார், குஸ்தி வீரர் தாராசிங், பட முதலாளி சாண்டோ சின்னப்பா தேவர்.

'நல்ல நேரம்' படத்தை டெண்டுக் கொட்டகையில் அவரோடுதான் பார்த்தேன். மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்தோம். கூட்டம் எம்.ஜி.ஆருக்காக வந்திருந்தது, நான் யானைகளுக்காக. பெரியப்பாவோ பெயர் போடும்போதே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "சாண்டோன்னு போட்டான் பாத்தியா? அந்தாளும் நம்மள மாதிரி மண்ணுல பெரண்டு எந்திரிச்சவருடா" என்றார். படம் விட்டதும் பந்தம் பிடித்துக் கும்பலாக வீடு திரும்பினோம். திரையில் பார்த்த யானை வழியிலும் நிற்கக்கூடிய ஊர் எங்களுடையது.

தேவர் 1915 ஜூன் 28 அன்று கோவையில் பிறந்தவர். வறுமையில் பஞ்சாலை வேலைக்குப் போனார். பால், சோடா, அரிசி என்று சின்னச் சின்ன வியாபாரங்களிலும் கைவைத்தார். அதற்கு நடுவில்தான் தம்பிமாரையும் நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு கோவை ராமநாதபுரத்தில் மாருதியின் பெயரில் ஒரு தேகப்பயிற்சி சாலை நடத்தினார். கையில் காசில்லாத வயதில், தான் கற்றதை அடுத்தவன் கற்க இடம் போட்டுக் கொடுத்த அந்தக் காரியத்தைத்தான் அவர் வாழ்க்கையிலேயே பெரிதென்று நினைக்கிறேன். பணம் வந்த பின் கொடுப்பவர்கள் நிறையப் பேர் உண்டு.

அந்த உடம்பே அவரைக் கோவை ஸ்டுடியோக்களுக்குக் கூட்டிப் போனது. 1947இல் வந்த 'ராஜகுமாரி'யில் எம்.ஜி.ஆருடன் சண்டைக் காட்சியில் நடித்தார். அங்கே வளர்ந்த நட்புதான் 1956இல் தேவர் பிலிம்ஸின் முதல் படமான 'தாய்க்குப் பின் தாரம்' ஆனது. எம்.ஜி.ஆரை வைத்து மொத்தம் 16 படங்கள்; இயக்கம் தம்பி எம்.ஏ.திருமுகம். பேசிய சம்பளத்தைப் பேசியபடி கொடுப்பார், படத்தைச் சொன்ன நாளில் முடிப்பார் என்று பெயர் வாங்கினார். விடியலில் கோதாவுக்கு வராதவனுக்கு அன்றைய பிடி கிடையாது. அந்தக் கண்டிப்பில் வளர்ந்தவரிடம் நாள் தவறுமா? ராஜேஷ் கன்னாவை வைத்து அவர் 1971இல் எடுத்த 'ஹாத்தி மேரே சாத்தி' வடநாட்டையே கலக்கியது. மறு ஆண்டு அதுவே தமிழில் 'நல்ல நேரம்'.

லாபத்தில் ஒரு பங்கு முருகனுக்கு என்று வைத்திருந்தார். மருதமலைக்குப் போகிறவர்கள் அவர் செய்த திருப்பணியை இன்றும் சொல்கிறார்கள். 1978 செப்டம்பர் 8 அன்று காலமாகும் வரை, பெயருக்கு முன்னால் சாண்டோ என்ற பயில்வான் பட்டம் இருந்தது. கோடிகளைப் பார்த்த முதலாளி பழைய பட்டத்தை உதறாமல் ஊர்தோறும் திரையில் காட்டினாரே, ஊர் மறந்த பயில்வான்களுக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை! என் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்ததற்கு வேறென்ன காரணம் இருக்க முடியும்?

அதே 1978இல்தான் தாராசிங் மொகாலியில் தன் பெயரில் ஸ்டுடியோ தொடங்கினார். அவர் 1983இல் டெல்லியில் குஸ்திக்கு விடைகொடுத்தபோது, பஞ்சாபிலும் ஹரியானாவிலும் அகாடாக்கள் என்னும் குஸ்திக் களங்கள் உயிரோடு இருந்தன. பையன்கள் அங்கிருந்து ஒலிம்பிக் வரை போனார்கள். இங்கே தேவரின் மலை நிலைத்தது, படம் நிலைத்தது; ஊர்தோறும் இருந்த கோதாதான் தூர்ந்துபோனது. அதற்கும் ஒரு பங்கு ஒதுக்க யாராவது முன்வந்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்குத் தீரவில்லை.

எங்கள் பக்கத்து ஓசூரில் 1980களில் அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் ஆள் எடுக்கத் தொடங்கியதும், தண்டால் எடுத்த தோள்கள் ஷிப்டுக்குப் போயின. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மானாவாரி ராகியை நம்பியிருந்த வீடுகளில் மாதச் சம்பளம் அடுப்பெரித்தது. 2014இல் எங்கள் காடு காவிரி வடக்கு வனஉயிரினச் சரணாலயமானது. யானைகளுக்கு இடம் உறுதியானதில் எனக்கு மெய்யாகவே சந்தோஷம்.

பெரியப்பா புரண்ட இடத்தில் இப்போது வீடுகள் நிற்கின்றன. ஷிப்டு முடிந்து வரும் பையன்களில் சிலர் ஜிம்முக்குப் போகிறார்கள். குஸ்தி பிடிக்கச் சொல்லித்தர எனக்குத் தெரிந்து இங்கே ஒருவரும் மிச்சமில்லை.