21 விளக்குகளுக்குப் பின்னால்

மகர அறுவடை முடிந்து வயல் காய ஆரம்பித்ததும் பாரதப்புழை ஆற்றுப் பக்கத்துக் காவுகளில், அதாவது பகவதி கோயில்களில், தோல்பாவைக்கூத்து தொடங்கிவிடும். அப்பாவுக்கு ஷொர்ணூரில் ரயில்வே வேலை. அம்பாசமுத்திரத்துக்காரர்களான எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் மலையாளம், குவார்ட்டர்ஸில் தமிழ். எழுபதுகளில் அந்த இரண்டும் ஒன்றாகக் கலந்து எங்கள் காதில் விழுந்த இடம் பகவதி காவுதான். ஜனவரியிலிருந்து மே வரை பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் வட்டாரங்களில் ஏதாவது ஒரு காவில் கூத்து நடந்துகொண்டே இருக்கும். சில இடங்களில் 7 இரவு, சில இடங்களில் 14, பெரிய காவுகளில் 21. அதையும் தாண்டிப் போகிற இடங்களும் உண்டு.

ராமனும் ராவணனும் சண்டை போட்ட அதே நேரத்தில் பத்ரகாளி தாரிகன் என்ற அசுரனோடு போர் செய்துகொண்டிருந்தாளாம். அவளால் அதைப் பார்க்க முடியவில்லை. அதனால்தான் வருஷா வருஷம் அவளுக்கு ராமகதையை ஆடிக் காட்டுகிறார்கள். கூத்து நடக்கும் மேடையான கூத்துமாடம் சந்நிதியைப் பார்த்தே கட்டப்பட்டிருக்கும். பார்வையாளர் அவள், நாங்களெல்லாம் அவளோடு உட்காரக் கொடுத்துவைத்தவர்கள். ஆச்சி இதைச் சொல்லிவிட்டுத்தான் பாயை விரிப்பாள்.

ராத்திரி பத்து மணி வாக்கில் கோயில் சாமியாடியான வெளிச்சப்பாடு கோயில் விளக்கிலிருந்து நெருப்பு எடுத்துவந்து கொடுப்பார். ஏறக்குறைய 42 அடி நீள மாடம். குறுக்கே வெள்ளைத் துணி, அதன் கீழே கறுப்புத் துணி. முதலில் கணபதி, பிறகு குடுமி வைத்த பட்டர்கள் ஆடிக்கொண்டு வருவார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பட்டர்கள் மேல் தனிப் பிரியம். அதன் பிறகு பாட்டு எழும். கம்பனின் விருத்தம். மலையாள நாக்கில் றகரமும் ழகரமும் சற்றே வேறு மாதிரி உருண்டாலும் அது நம் தமிழ்.

"அப்பா, இவங்களுக்கு எப்படித் தமிழ் தெரியும்?"

"ஓலையிலேர்ந்து மனப்பாடம் பண்ணியிருக்காங்கம்மா. தலைமுறை தலைமுறையா."

அந்த ஓலைக்கு ஆடல்பற்று என்று பெயர். பாட்டும் அதற்கான உரையும் அதில் இருக்கும். ஒரு பாட்டைப் பாடிவிட்டுப் பொருள் சொல்ல ஆரம்பித்தால் புராணம், தர்க்கம், சாஸ்திரம் என்று எங்கெங்கோ போய்த் திரும்புவார்கள். ஒருவர் கேட்பார், மற்றவர் மறுப்பார். திரையில் ராமனும் விபீஷணனும் அசையாமல் நிற்பார்கள். பேச்சு மட்டும் மணிக்கணக்கில் ஓடும். அப்பா பள்ளிப் பருவத்தில் கம்பனை நெட்டுருப் போட்டவர். முதல் அடி காதில் விழுந்ததுமே அடுத்த அடியை முணுமுணுப்பார். இத்தனை ஆழமாக இந்தத் தமிழை வைத்துக் காப்பாற்றியவர்களைப் புலவர் என்று அந்த ஊர் அழைத்தது. அதைவிடப் பொருத்தமான பட்டம் எனக்குத் தெரியவில்லை.

நள்ளிரவுக்கு மேல் கூட்டம் கரைந்துவிடும். சில ராத்திரிகளில் நாங்கள் ஐந்தாறு பேர்தான். அப்போதும் குரலில் ஒரு சுருதி இறங்காது. ஒரு பாட்டு விட்டுப்போகாது. ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1996-இல் இந்தக் கூத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தில், கேட்க ஆளில்லாத முற்றத்தைப் பார்த்து ஆடும் இந்தக் கலைஞர்கள்தான் மையம். ஆளில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். யாருக்காக ஆடினார்களோ அவள் எதிரிலேயே இருந்தாள்.

கருடன் வரும் கட்டமான கருடப்பத்து அன்று மட்டும் முற்றம் நிரம்பும். நாகபாசத்தில் கட்டுண்டு லட்சுமணனும் வானரங்களும் கிடக்க, கருடன் சுழன்று சுழன்று வருவான். ஒரு வருஷம் ஆச்சி அண்ணனின் பரீட்சைக்காகக் காணிக்கை கொடுத்திருந்தாள். காணிக்கை கொடுத்தவர்களுக்காகப் புலவர்கள் கதையின் நடுவே வேண்டிக்கொள்வது வழக்கம்.

"ஏட்டி, தூங்காத. நம்ம பேரு வரப்போவுது."

வந்தது. இலங்கையின் யுத்தகளத்துக்கு நடுவே அண்ணன் பெயரும் எங்கள் ரயில்வே காலனியும். ஆச்சி எழுந்து நின்று கும்பிட்டாள்.

அண்ணனை ஒருமுறை மாடத்துக்குள் ஏற்றிக்கொண்டார்கள். எனக்கு அனுமதி இல்லை, பெண்பிள்ளை ஏறக்கூடாது. பக்கவாட்டு வாசலில் கழுத்தை நீட்டி நின்றேன். உள்ளே பலகை மேல் வரிசையாக 21 தேங்காய் மூடிகள், ஒவ்வொன்றிலும் எண்ணெயும் திரியும். அனல் முகத்தில் அடித்தது. துணியில் முள்ளால் குத்தி ஒரு ராமனை நிறுத்தியிருந்தார்கள். தோலில் உளி வைத்து அடித்த பொட்டுப் பொட்டான துளைகளால்தான் கிரீடமும் மாலையும் இடுப்பாடையும் உருவாகியிருந்தன. வெளியிலிருந்து பார்க்கும்போது நகையாக மின்னியது அத்தனையும் அந்தத் துளைகள் வழியே வந்த வெளிச்சம். அசைவது ஒரே ஒரு கை. அந்த ஒரு கையை வைத்துக்கொண்டு வில் வளைத்தார்கள், ஆறுதல் சொன்னார்கள், சீதையை நினைத்து அழுதார்கள். முதிய புலவர் ஒருவர் வேர்வை சொட்ட, அடுத்த பாவையை எடுக்க நடந்துகொண்டே அடுத்த பாட்டைத் தொடங்கினார். அவர் கையில் ஓலை இல்லை.

அந்த வாசலில் நின்றபோது உள்ளே ஏற வேண்டும் என்று எனக்குள் எழுந்த ஆசை இன்னும் தணியவில்லை. கூனத்தறைக் கூத்துக் கலைஞர் கிருஷ்ணன்குட்டிப் புலவரின் மகன் ராமச்சந்திரப் புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். செய்தி படித்து அழுதேன். அவர் மகள் ரஜிதா பெண்கள் மட்டுமே கொண்ட ஒரு பாவைக்கூத்துக் குழுவையும் நடத்துகிறார். அது காவுக்கு வெளியே, மேடையில் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற கூத்து. அதுவும் வேண்டும், பழகுவதற்குக் கைகள் வேண்டுமே. ஆனால் சுருக்கிய கூத்தில் முதலில் கழிவது அந்த நீண்ட தர்க்கங்கள்தான், கம்பன் முழுசாகக் கிடைப்பதோ அங்கேதான். 21 இரவும் காவின் மாடத்தில் ஏறி, ஒரு பாட்டு விடாமல், உரையோடு ஒரு பெண் பாட வேண்டும். அதைக் கேட்க நான் பாயோடு போவேன்.