றெடி வெளிச்சம்



கனநாளாக இங்கே ஒன்றும் எழுதவில்லை. கண் சத்திரசிகிச்சை முடிந்து இப்போதுதான் எழுத்துகள் வடிவாகத் தெரிகின்றன. ரீச்சரைச் சுகம் விசாரித்த பிள்ளைகளுக்கும் சொந்தங்களுக்கும் ஒரே பதிலாக இதை எழுதுகிறேன். அவ இப்போது நல்ல சுகம். அன்றிரவு என்ன நடந்தது என்று பலர் கேட்டிருந்தீர்கள். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்களில் பலரின் வீட்டில் ஹைபிரிட் கார் நிற்பதால் சொல்லத்தான் வேண்டும்.

எங்களிடம் இருப்பது ஒரு ரொயோட்டா அக்வா. 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது கியூஆர் முறையில் கிடைத்ததை வைத்துச் சமாளித்தோம். எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு மூன்று கார்கள் நின்ற இடத்தில் பற்றரி இறங்கிப்போயின. எங்களுடையதற்கு ஒன்றும் ஆகவில்லை. 2020இல் மாற்றிய புதுப் பற்றரி என்பதுதான் அதற்குக் காரணம். நானோ என் கவனம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன ஆவணியில் கோயில் திருவிழாவில் ஒரு பழைய மாணவனைக் கண்டேன். இப்போது கார் திருத்தும் கராஜ் வைத்திருக்கிறான். தன் பெயரைப் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டான். "சேர், உங்கடை காரின்ரை சின்னப் பற்றரிக்கு அஞ்சு வருசமாச்சு. ஒருக்கா மீற்றர் வைச்சுப் பாப்பம், கொண்டுவாங்கோ" என்றான். நான் சிரித்துவிட்டு, "தம்பி, மின்னியல் உனக்குப் படிப்பிச்சதே நான்தான்" என்றேன். அவனும் சிரித்துவிட்டுப் போனான்.

புரட்டாதியில் எனக்கு ஒரு கண்ணும் பிறகு மற்றக் கண்ணும் செய்தார்கள். ஐந்து கிழமைகளுக்குக் கார் ஓட்டக்கூடாது என்றார் வைத்தியர். கார் சும்மா நின்றால் பற்றரி இறங்கும் என்பது எனக்குத் தெரியும்தானே. அதனால் ஒவ்வொரு ஞாயிறும் காருக்குள் போய் இருந்து பவர் பொத்தானை இரண்டு தரம் அழுத்துவேன். முன்பலகை முழுக்க வெளிச்சம் வரும், விசிறி காற்றடிக்கும். கால் மணி நேரம் வானொலி கேட்டுவிட்டு, பற்றரி ஏறியிருக்கும் என்ற திருப்தியோடு இறங்கி வருவேன்.

ஐப்பசி மழை தொடங்கிய ஒரு இரவு, ஒரு மணியளவில் ரீச்சருக்கு இழுப்பு வந்தது. பம் அடித்தும் அடங்கவில்லை. கண் இன்னும் முழுதாகத் தெளியாவிட்டாலும் மெல்ல ஓட்டிக்கொண்டு போவோம் என்று அவவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தேன். திறப்பின் பொத்தானை அழுத்தினால் கார் திறக்கவில்லை. திறப்புக்குள் ஒளித்திருக்கும் இரும்புத் திறப்பை இழுத்தெடுத்துக் கதவைத் திறந்தேன். உள்ளே ஒரே இருட்டு. பொத்தானை அழுத்த ஏதோ கிளிக் கிளிக் என்றது, அவ்வளவுதான். மழையில் நனைந்தபடி, மூச்சு வாங்க முடியாமல், கார்க்கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அவவின் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

பக்கத்து வீட்டுத் தம்பி சத்தம் கேட்டு எழும்பி வந்து தன் முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். 1990 அம்புலன்ஸ் நினைவு எனக்கு வந்ததே வண்டியில் ஏறிய பிறகுதான். ஆஸ்பத்திரியில் மருந்துப்புகை கொடுத்து விடியப்புறம்தான் இழுப்பு அடங்கியது.

காலையில் அந்த மாணவனுக்கு எடுத்துச் சொன்னேன். அரை மணியில் வந்துவிட்டான். மீற்றரை வைத்தான்: 9.4 வோல்ற். நான் ஞாயிறு தோறும் செய்ததைச் சொன்னேன். அவன் ஒரு கேள்விதான் கேட்டான்.

"சேர், பொத்தானை அமத்தேக்கை பிரேக்கை மிதிச்சனீங்களோ?"

"இல்லை. ஓடக்கூடாதெண்டு சொன்னவை. பிறகென்னத்துக்கு மிதிப்பான்?"

"அப்ப றெடி வெளிச்சம் வந்திராது, சேர். நீங்கள் ஏத்தேல்லை, இறக்கியிருக்கிறியள்."

பிள்ளைகள், இதுதான் பாடம். ஹைபிரிட் காரில் இரண்டு பற்றரிகள். காரை ஓட்டுவதும் எஞ்சினைச் சுழற்றி எழுப்புவதும் பெரிய பற்றரி. சின்னப் பற்றரி 12 வோல்ற். கதவுப் பூட்டு, விளக்கு, கணினிகள், பெரிய பற்றரியை இணைக்கும் ஆளி எல்லாவற்றுக்கும் அதுதான் வேண்டும். அது செத்தால், பெரிய பற்றரியில் எவ்வளவு மின் இருந்தாலும் கார் எழும்பாது. சின்னதை ஏற்றுவது பெரியதுதான், அதுவும் பச்சை எழுத்தில் றெடி என்று வந்தால் மட்டுமே. பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை அழுத்தினால் எல்லாம் சின்னதிலிருந்துதான் ஓடும். ஞாயிறு தோறும் காற்று வந்ததே தவிர குளிர் வரவில்லை. அதை நான் கவனித்திருக்கவேண்டும்.

கணக்கும் பார்த்தேன். நிறுத்திவைத்த கார் 30 மில்லி அம்பியர் இழுக்கிறது என்று வைத்தால், நாளுக்கு 0.72 அம்பியர் மணி. 35 நாளில் 25. என் ஞாயிற்றுக்கிழமைக் கூத்தில் 10 அம்பியர் போனது என்று வைத்தால் கால் மணிக்கு 2.5, ஐந்து தரத்துக்கு 12.5. மொத்தம் 37 அம்பியர் மணிக்கு மேல். இந்தச் சிறிய பற்றரிகள் புதிதாக இருக்கும்போதே 30, 40 அம்பியர் மணி அளவில்தான். ஐந்து வருசப் பழசு எப்படித் தாங்கும்? சாதாரண தரப் பிள்ளை செய்யும் கணக்கு. நான் அதைச் செய்து பார்க்கவேயில்லை.

இனி உங்களுக்கு:

1. கார் நிற்கும் காலத்தில் கிழமைக்கு ஒருதரமாவது அரை மணி, முக்கால் மணி ஓட்டுங்கள். ஓட்ட முடியாவிட்டால் பிரேக்கை மிதித்து றெடியில் விடுங்கள். கியர் பி-யில் இருக்கட்டும். என்-னில் விட்டால் பெரிய பற்றரி ஏறாது. எஞ்சின் தானாக ஸ்ராட் ஆகும் என்பதால் மூடிய கராஜுக்குள் ஒருபோதும் செய்யவேண்டாம், ஆள் இல்லாமலும் விடவேண்டாம்.

2. செலவு என்று பார்க்காமல் ஒரு மல்ரிமீற்றர் வாங்குங்கள். இரவு முழுக்க நின்ற காரில் 12.6 இருந்தால் நல்லது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் தாமதிக்காதீர்கள். றெடியில் 14க்கு அண்மையாகக் காட்டவேண்டும்.

3. ஸ்மாட் திறப்பைக் காருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். இரண்டு மீற்றருக்கு அப்பால் வையுங்கள். நிறுத்தின பிறகும் ஓடும் கமெரா இருந்தால் கழற்றுங்கள்.

4. ஒரு மாதத்துக்கு மேல் வெளிநாடு போகிறவர்கள் தெரிந்த ஒருவரைக் கொண்டு சின்னப் பற்றரியின் மறை முனையைக் கழற்றிவையுங்கள். பற்றரி டிக்கிக்குள் இருக்கும் கார் என்றால், கழற்றிய பிறகு டிக்கியை எப்படித் திறப்பது என்று முதலே கேட்டு வையுங்கள்.

5. புதுப் பற்றரி போடும்போது விலை குறைவு என்று சாதாரணப் பற்றரி போடவிடாதீர்கள். அக்வாவில் அது பின் இருக்கைக்குக் கீழே, ஆட்கள் இருக்கும் இடத்தில் இருக்கிறது. ஏறும்போது ஐதரசன் வரலாம். அதை வெளியே கொண்டுபோகும் குழாய் பொருந்தும் வகையைத்தான் போடவேண்டும்.

6. வெளியிலிருந்து மின் கொடுத்து எழுப்புவதானால், முன்பக்கம் பியூஸ் பெட்டிக்குள் அதற்கென்று ஒரு நேர் முனை இருக்கிறது. நேர், மறை மாறினால் செலவு பெரிது. தெரியாவிட்டால் தொடாதீர்கள்.

அவன் அந்த முனையில்தான் மின் கொடுத்து எழுப்பினான். றெடி வந்ததும், "பாருங்கோ சேர், 14.2" என்று மீற்றரை என் பக்கம் திருப்பிக் காட்டினான். ஆய்வுகூடத்தில் நான் உங்களுக்குத் திருப்பிக் காட்டிய மாதிரியே இருந்தது. பழைய பற்றரி பிறகும் மின்னைத் தாங்கவில்லை. புதியதைப் போட்டான். பற்றரிக் காசு மட்டும்தான் வாங்கினான்.

"ஆவணியிலேயே நீ சொன்னனீ, தம்பி. நான் கேக்கேல்லை" என்றேன். "பரவாயில்லை சேர், ரீச்சர் சுகமா வந்திட்டா" என்றான்.

எனக்கு அது பரவாயில்லை என்று படவில்லை. தெரியும் என்ற நினைப்பில் அளந்து பார்க்காமல் விட்டேன், மழையில் நின்று மூச்சுக்குத் தவித்தது அவ. நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் "அளந்து பார், பிறகு சொல்" என்று எத்தனை தரம் கத்தியிருப்பேன்!

ஆகவே வீட்டுப்பாடம்: நாளைக் காலையில், கார் எடுக்க முதல், அளந்து இலக்கத்தை எனக்கு எழுதி அனுப்புங்கள். மீற்றர் இல்லாதவர்கள் பற்றரி எந்த வருசம் போட்டது என்றாவது பாருங்கள். வயதான அம்மா, அப்பா இருக்கும் வீடுகளில் 1990ஐப் பெரிதாக எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சேர்