ஊர்காவற்றுறையில் ஒரு பழைய மோட்டார்ச் சைக்கிள்

யாழ்ப்பாணப் பஸ் நிலையத்திலிருந்து ஊர்காவற்றுறைக்குப் புறப்பட்ட காலைப் பஸ்ஸிலே, ஒரு ரோச் லைற்றும் பழைய பல்துலக்கும் பிறசும் துணித்துண்டும் கையோடு கொண்டு சென்றவன் நான் ஒருவனாகவே இருந்திருப்பேன். பழைய மோட்டார்ச் சைக்கிளுக்கு விலை பேசப் போகிறவனிடம் இம்மூன்றும் இருத்தல் வேண்டும் என்பது எனக்கு அறிந்த மெக்கானிக் ஒருவரின் கட்டளை. இலக்கம் பொறித்த இடத்தில் எழுபது வருடத்து அழுக்கு இருக்கும். அதைத் துலக்கிப் பாராமல் பணத்தை வெளியே எடுக்கக் கூடாது என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

பண்ணைப் பாலத்தைத் தாண்டியதும் பஸ்ஸின் இரு மருங்கும் கடல். ஆழமற்ற அந்த நீரிலே கம்பு நாட்டிக் கட்டிய மீன்கூடுகளும், முழங்காலளவு தண்ணீரில் நடந்து செல்லும் மீனவரும் காலை வெயிலில் ஓவியம் போலத் தோன்றினர். மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை என ஊர்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. கூரையிழந்த கல்வீடுகளுக்குள்ளே பனங்கன்றுகள் வளர்ந்து நிற்பதை இன்றும் அவ்வழியிற் காணலாம். 1990ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் தீவுப்பகுதி மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது விட்டுச் சென்ற வீடுகளுட் சில அவை.

நான் தேடிச் சென்றது பி.எஸ்.ஏ. கம்பனியின் 'பாண்டம்'. நம்மவர் வாயில் அவ்வாறு ஒலிக்கும் அச்சொல் ஆங்கிலத்தில் ஒரு சிறிய இனச் சேவலைக் குறிப்பது. வீட்டில் இச்செய்தியைச் சொன்னபோது, "எங்கள் குசினியில் இருக்கிற பாண்டங்கள் போதாதோ?" என்று என் மனைவி கேட்டாள். அவள் தமிழ்ப் பட்டதாரி. கூரை ஓடு மாற்றுவதற்குச் சேர்த்த பணத்தில் இரண்டு இலட்சம் ரூபா வரை எடுக்கலாம், அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை என்று வரம்பு கட்டியே என்னை அனுப்பினாள்.

ஊர்காவற்றுறை ஒருகாலத்துப் பெருந்துறைமுகம். வன்னிக் காடுகளிற் பிடித்த யானைகள் இங்கிருந்தே கப்பலேறின. 'கயிற்ஸ்' என்னும் பெயரே யானைத்துறை என்று பொருள்படும் போர்த்துக்கேயத் தொடரின் முற்பாதி என்பர். இன்று அங்கே ஆரவாரம் இல்லை. பழைய தேவாலயங்களும் சில கடைகளும் காற்றுமே உண்டு.

வீட்டுக்காரர் ஓர் ஓவசியரின் விதவை. எண்பதைத் தாண்டியவர். பிள்ளைகள் மூவரும் கனடாவில். விறாந்தையின் ஓரத்தில் சேலைத் துணியால் மூடிக் கிடந்ததை அவரே திறந்து காட்டினார். வெளிர்பச்சை நிறம், தாங்கியின் பக்கத்தில் வெண்மஞ்சட் பட்டை, அதிலே பாதி அழிந்த சேவற் படம். "ஓடாது, தம்பி. ஆனால் ஓடினது," என்றார்.

இவ்வண்டியின் வரலாற்றை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. 1939இல் ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. தொழிற்சாலை 'ஆர்.ரி. 125' என்றொரு சிறு மோட்டார்ச் சைக்கிளை உருவாக்கியது. போரில் ஜெர்மனி தோற்றபோது அதன் வரைபடங்கள் நட்டஈடாக வென்றவர் கைக்குச் சென்றன. பர்மிங்காம் நகரத்து பி.எஸ்.ஏ. தொழிற்சாலை அவ்வரைபடத்தைக் கண்ணாடியிற் கண்டாற்போல இடம் வலமாக மாற்றி, 123 கன சென்ரிமீற்றர் எஞ்சினுடன் 1948இல் பாண்டத்தை வெளியிட்டது. ரஷ்யரும் அமெரிக்கரும் அதே வண்டியைத் தம்தம் பெயரிற் செய்தனர். 1955இல் யமஹா கம்பனி முதன்முதலாகச் செய்த மோட்டார்ச் சைக்கிளும் இதே ஜெர்மானிய அச்சில் வார்த்ததுதான். ஆகவே, இன்று யாழ்ப்பாண வீதிகளில் யமஹாவிற் பறக்கும் நம் இளைஞர்களின் வண்டிகளுக்கு இக்கிழச் சேவல் ஒருவகையிற் சிற்றப்பன் முறை.

நான் முழங்காலிட்டு அமர்ந்து பிறசினால் துலக்கத் தொடங்கினேன். கைப்பிடி பொருந்தும் கழுத்திலே சட்டக இலக்கம். சிலிண்டருக்குக் கீழே எஞ்சின் இலக்கம். இவ்விரண்டும் ஒன்றாக இருக்க வேண்டுமென்று பலர் நினைக்கின்றனர். பி.எஸ்.ஏ. வண்டிகளிலே அவை வெவ்வேறாக இருப்பதே வழக்கம். இரண்டும் பதிவுப் புத்தகத்தில் எழுதியவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்பதே கேள்வி. அம்மையார் தகரப் பெட்டியிலிருந்து புத்தகத்தை எடுத்துத் தந்தார். கொழும்பு, பதுளை, அநுராதபுரம் என்று முன்னிருந்தவர்களின் ஊர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக. ஈற்றிலே, 1961இல், ஓவசியரின் பெயர். சட்டக இலக்கம் ஒத்தது. எஞ்சின் இலக்கம் ஒவ்வவில்லை.

காரணத்தை அம்மையார் மறைக்கவில்லை. 1990இல் ஊரைவிட்டுப் போகும்போது, பெற்றோல் இல்லாமையால், அரிசி மூட்டையையும் துணிகளையும் மேலே கட்டி ஓவசியர் வண்டியைப் பண்ணை வரை தள்ளியே சென்றாராம். யாழ்ப்பாணத்தில் பொருட்தடை. அக்காலத்தை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காபரேற்றரிற் சில துளி பெற்றோலை ஊற்றி உதைத்து, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். பாண்டமும் அவ்வாறே ஓடியது. 1993இல் பிஸ்ரன் இறுகி நின்றுவிட்டது. ஓவசியர் எங்கோ தேடி வேறொரு பாண்டத்தின் எஞ்சினை வாங்கிப் பொருத்தினார். 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்த அந்த இரவிலும் வண்டி அவரோடு சென்றது. அப்போது எனக்குப் பதினைந்து வயது. நாவற்குழிப் பாலத்தருகே மழையில் நனைந்தபடி சைக்கிள்களையும் மோட்டார்ச் சைக்கிள்களையும் தள்ளிச் சென்ற கூட்டத்தில் நானும் ஒருவன். அவர்களுள் இந்த ஓவசியரும் இருந்திருக்கக்கூடும்.

எஞ்சின் இலக்கம் ஒவ்வாத வண்டியைப் பெயர்மாற்றுதல் எளிதன்று. அதனால் விலையைக் குறைத்துக் கேட்டேன். ஒன்றரை இலட்சத்துக்கு உடன்பாடாயிற்று, முற்பணமும் கொடுத்தேன். எழுந்தபோது அவர், "உந்த மூலைச் சாக்குக்குள்ள கிடக்கிறதையும் கொண்டு போங்கோ. அவர் எறிய விடேல்லை. நான் இரும்புக்காரனுக்குக் குடுக்க இருந்தனான்," என்றார்.

சாக்கை அவிழ்த்து ரோச் லைற்றைப் பிடித்தேன். உள்ளே இருந்தது பழைய எஞ்சின். துலக்கிப் பார்த்தபோது புத்தகத்திலுள்ள இலக்கம் அப்படியே தெரிந்தது. அந்த இரும்புக் கட்டி வண்டியோடு சேர்ந்தால் வண்டியின் மதிப்பு எவ்வளவு உயரும் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. "நல்லதம்மா," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

திரும்பும்போது காரைநகர் வழியாகச் செல்ல எண்ணித் துறைமுகத்துக்கு நடந்தேன். கடலைக் கடக்கும் மிதவையை அங்கே 'பாதை' என்று அழைக்கின்றனர், பொருத்தமான பெயர். எதிரே நீரின் நடுவில் ஒல்லாந்தரின் கடற்கோட்டை. பாதை வந்தது, ஆட்களும் சைக்கிள்களும் ஏறினார்கள், பாதை போயிற்று. நான் ஏறவில்லை. வகுப்பிலே பிள்ளைகள் விடைத்தாளைப் பார்த்தெழுதினால் நான் எவ்வளவு கடுமையாக நடந்துகொள்கிறவன் என்பது ஏனோ அப்பொழுது நினைவுக்கு வந்து தொல்லை கொடுத்தது. வெயிலில் மீண்டும் அவ்வீட்டுக்கு நடந்து சென்று விஷயத்தைச் சொன்னேன்.

அம்மையார் என்னைப் பாராட்டுவார் என்று ஒருசிறிது எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் கண்களை இடுக்கிச் சற்று யோசித்தார். "அப்ப இன்னும் ஒரு லட்சம் போட்டுத் தாங்கோ, தம்பி," என்றார். எவ்வளவு பேசியும் ஒரு சதம் இறங்கவில்லை. மனைவி கட்டிய வரம்பு அவ்விடத்திலே உடைந்தது.

பதிவு உரிமையாளர் இறந்துவிட்டமையால் இறப்புச் சான்றிதழும் கனடாவிலுள்ள பிள்ளைகளின் சம்மதக் கடிதங்களும் தேவைப்பட்டன. நாலு மாதம் சென்றது. திகதியிடாத படிவத்தில் கையெழுத்தை வாங்கிக்கொண்டு ஓட்டினால் என்ன என்று தரகர் ஒருவர் யோசனை கூறினார். அப்படி வாங்கிப் பின்னர் வருந்துவோரைப் பார்த்திருக்கிறேன். ஒருகாலும் இணங்கக் கூடாது. இதற்கிடையில் மெக்கானிக் பழைய எஞ்சினைக் கொண்டு சென்று, சிலிண்டரைக் கடைந்து, பெரிய அளவுப் பிஸ்ரன் போட்டு, போல்பேரிங்குகளை மாற்றி உயிர்ப்பித்தார். மார்கழிக்கு முன் ஒருநாள் அவரே ஊர்காவற்றுறைக்கு வந்து அதனை வண்டியிற் பொருத்தினார். மூன்றாவது உதையில் முழங்கிற்று. அம்மையார் கதவு நிலையைப் பிடித்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். புகை முற்றத்தை நிறைத்தது. "மண்ணெண்ணெய் மணம் இல்லை," என்று மட்டும் சொன்னார்.

பாண்டத்தில் கியர் வலக்காலில், பிறேக் இடக்காலில். இக்கால வண்டிகளிற் பழகிய என் கால்கள் இதை ஏற்க மறுத்தன. பாதையில் ஏறும்போது பிறேக்கென்று எண்ணிக் கியரை மிதித்து, கருவாட்டுக் கூடையொன்றின்மேல் மோதாமல் அரும்பொட்டில் தப்பினேன். காரைநகரில் இறங்கி, பொன்னாலைப் பாலத்துக்கு வந்தபோது எதிர்காற்று. இரு பக்கமும் கடல். அடியிலே அந்தச் சிறு எஞ்சின் இடைவிடாது பேசிக்கொண்டிருந்தது. அந்தப் பத்து நிமிடத்துக்காக மட்டுமே நான் பணம் கொடுத்திருந்தாலும் வருந்தமாட்டேன்.

பாலத்தின் பாதியில் அது நின்றது. பெற்றோலோடு கலக்க வேண்டிய ஒயிலை, நல்லதுக்குக் கூடுதலாக இருக்கட்டும் என்று நானே அதிகமாக ஊற்றியிருந்தேன். பிளக் கரிபிடித்துவிட்டது. யமஹாவில் வந்த இளைஞனொருவன் நிறுத்தி, பிளக்கைக் கழற்றித் துடைக்க உதவினான். சிற்றப்பன் உறவுமுறையை அவனுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கயிறு வேணுமோ, சேர்? கட்டி இழுத்துக்கொண்டு போறன்," என்றான். வேண்டியிருக்கவில்லை. பொன்னாலை, வட்டுக்கோட்டை, மானிப்பாய் வழியாக விளக்கு வைக்கும் நேரத்தில் வீடு சேர்ந்தேன்.

அன்றிரவே மாரி பிடித்துக்கொண்டது. மாற்றாத ஓட்டின் இடுக்கால் குசினியில் ஒழுகியது. மனைவி பெரிய பித்தளைப் பானையைக் கொண்டுவந்து ஒழுக்கின் கீழே வைத்தாள்.

"இந்தப் பாண்டமாவது சொன்ன இடத்திலே நிற்கிறது," என்றாள்.