புது வண்டியும் பழைய கணக்கும்



பட்டணத்தில் வேலை செய்கிற நம் பிள்ளைகள் தொலைபேசியில் அழைத்து, "ஒரு காரியத்துக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும்போது, பெரும்பாலும் அக்காரியத்தைக் குறித்து அவர்கள் ஏற்கெனவே தீர்மானித்திருப்பார்கள். நம்மிடத்தில் எதிர்பார்ப்பது ஓர் "ஆமென்" மாத்திரமே. 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் என் அக்காவின் மகனும் அப்படித்தான் அழைத்தான். "மாமா, எலெக்ட்ரிக் கார் வாங்கப் போகிறேன். சாதாரண வண்டி அல்ல, உயர்தர வண்டி. புதியதாக எடுக்கவா, செகண்ட் ஹேண்டில் எடுக்கவா? நீங்கள் ஜெபித்து ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றான்.

"பார்க்கலாம் தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஏனெனில் இதே கேள்வியை இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன்பு அவனுடைய தகப்பனார் என்னிடத்தில் கேட்டிருந்தார். அன்று நான் சற்றும் யோசியாமல் பதில் சொன்னேன். அந்தப் பதிலுக்கு அவர் விலை செலுத்தினார்.

கோலார் தங்கவயலில் பிறந்தவர்களுக்கு 2001ஆம் ஆண்டைப் பற்றி விளக்கத் தேவையில்லை. அவ்வருஷம் பிப்ரவரி மாதக் கடைசியோடு பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. 1880களில் ஜான் டெய்லர் கம்பெனியார் தொடங்கிய வேலை, 120 ஆண்டுகளுக்குப் பின் ஒரே உத்தரவில் நின்றுபோயிற்று. 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குக் கூண்டில் இறங்கி ஏறிய மனிதர்கள், தரைமேல் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். அக்காவின் கணவரும் அவர்களில் ஒருவர்.

கையில் வந்த தொகையைக் கொண்டு வாடகைக்கு ஒரு வேன் ஓட்டலாம் என்று அவர் எண்ணினார். பங்காருபேட்டையில் ஒரு பழைய வேன் விலைக்கு வந்திருந்தது. கையிலிருந்த பணத்துக்குள் அது அடங்கும், கடன் வேண்டாம். ஆனாலும் போதகராகிய மைத்துனனைக் கேட்டுச் செய்வோம் என்று என்னிடத்தில் வந்தார். நான் வேதாகமக் கல்லூரியை முடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். வாலிப வைராக்கியத்தில், "மாமா, இன்னொருவன் கழித்துப்போட்டதை நாம் ஏன் வாங்கவேண்டும்? தேவன் தம் பிள்ளைகளுக்குப் புதியதைத் தருகிறவர். விசுவாசத்தோடு புது வண்டியை எடுங்கள்" என்றேன். அவர் கையிலிருந்ததையெல்லாம் முன்பணமாகக் கட்டி, மீதிக்குக் கடன் வாங்கிப் புது வேன் எடுத்தார். ஊரே வேலையிழந்து நிற்கையில் வேனை வாடகைக்குப் பிடிப்பவர் யார்? பதினெட்டு மாதங்களுக்குள் தவணை தவறியது. ஒரு நாள் காலையில் கடன் கொடுத்தவர்கள் எங்கள் லைன் தெருவுக்கு வந்து, எல்லாரும் பார்க்க வண்டியை ஓட்டிச் சென்றார்கள். எட்டு வயதுப் பையனாயிருந்த என் மருமகன் தெருமுனைவரை அதன் பின்னே ஓடினான்.

அதன்பின் என் அக்காவின் கணவர் பெங்களூரில் காவலாளி வேலைக்குச் சேர்ந்தார். விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயில் ஏறி, இரவில் திரும்பும் ஜீவியம். பல ஆண்டுகள் அப்படியே ஓடின. அவர் ஒருநாளும் என்னைக் குறை சொல்லவில்லை. நானும் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. பிரசங்க பீடத்தில் அறிக்கையைப் பற்றிப் பேசுவது எளிது. ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுகிற சொந்த மனிதரிடத்தில் "நான் தவறாகச் சொல்லிவிட்டேன்" என்பது அவ்வளவு எளிதல்ல.

ஆகவே இம்முறை "புதியது" என்றோ "பழையது" என்றோ உடனே சொல்ல எனக்குத் துணிவில்லை. அடுத்த சனிக்கிழமை ஒயிட்ஃபீல்டில் உள்ள அவன் வீட்டுக்குப் போனேன். "முதலாவது இதைச் சொல் தம்பி. உனக்கு எதற்காக உயர்தர வண்டி?" என்று கேட்டேன். அவன் இரண்டு காரணங்களைச் சொன்னான். தகப்பனாரின் நுரையீரலில் சுரங்கத்தின் கல்தூசி படிந்திருக்கிறது. சிலிக்கோசிஸ் என்று மருத்துவர் பெயர் சொல்லுகிறார். மாதந்தோறும் அவரைத் தங்கவயலிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் பெங்களூருக்கு மருத்துவமனைக்கு அழைத்துவர வேண்டும். குலுக்கலும் சத்தமும் இல்லாத வண்டியானால் அவருக்கு இதமாயிருக்கும். இது முதற்காரணம்.

இரண்டாம் காரணத்தைத் தலைகுனிந்தே சொன்னான். "அப்பாவின் வேனை எடுத்துப்போன அதே தெருவில் என் வண்டியை நிறுத்தவேண்டும் மாமா. அது புத்தம்புதியதாக இருக்கவேண்டும்." நான் பேச்சற்றுப்போனேன். அன்று நான் விதைத்தது இவ்வளவு காலத்துக்குப் பின்னும் முளைத்துக்கொண்டிருந்தது.

மின்சாரம் நம் ஊருக்குப் புதியதல்ல என்று அவனுக்கு நினைப்பூட்டினேன். 1902ஆம் ஆண்டு காவேரியின் சிவசமுத்திரத்தில் நீர்மின் நிலையம் தொடங்கியபோது, அதன் மின்சாரம் ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தூரம் கம்பியில் ஓடி முதலில் வந்தது தங்கவயலுக்கே. பெங்களூரின் வீதிகளில் மின்விளக்கு எரிந்தது அதற்குப் பின், 1905இல்தான். அதுபோலவே, சுரங்கம் மூடப்பட்ட 2001இல்தான் பெங்களூரிலிருந்து ரேவா என்ற சிறு மின்சாரக் கார் சந்தைக்கு வந்தது. ஒரு கதவு மூடுகையில் இன்னொன்று திறந்ததை அன்று நாம் அறியவில்லை.

பின்பு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கோபுரம் கட்டத் தொடங்குமுன் உட்கார்ந்து செலவைக் கணக்கிடும் மனிதனைப் பற்றி நம் ஆண்டவர் உவமையாகச் சொல்லவில்லையா? 2001இல் நான் எண்ணிப்பாராத உவமை அது.

அவன் விரும்பியது வோல்வோ நிறுவனத்தின் எக்ஸ்.சி.40 ரீசார்ஜ். நாம் தங்கவயலுக்குப் போகும் வழியிலுள்ள ஒசகோட்டையின் தொழிற்சாலையிலேயே பூட்டப்படுகிற வண்டி. 2022 ஜூலையில் அறிமுகமானபோது காட்சியறை விலை 55,90,000 ரூபாய். பிறகு பெயர் மாறி வந்த புது வண்டியின் விலையும் 56 லட்சத்தை ஒட்டியே இருந்தது. மின்சாரக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு மாத்திரமே என்பது உண்மை. அது அந்த விலைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஆனால் 25 லட்சத்துக்கு மேற்பட்ட மின்சாரக் கார்களுக்கு 10 விழுக்காடு வாழ்நாள் வரியைக் கர்நாடக அரசு 2024இல் விதித்தது. காப்பீட்டையும் கூட்டினால் தொகை 64 லட்சத்தைத் தொட்டது. அவனிடம் சேமிப்பு 14 லட்சம். மீதி 50 லட்சத்தை 9 விழுக்காடு வட்டியில் ஏழு ஆண்டுகளுக்கு வாங்கினால், மாதத் தவணை ஏறக்குறைய 80,400 ரூபாய். வட்டி மாத்திரம் 17.5 லட்சத்துக்கு மேல்.

அதே வகை வண்டி, 2023 தொடக்கத்தில் பதிவானது, 34 லட்சத்துக்கு விற்பனைக்கு இருந்தது. பழைய வண்டிக்கு வட்டி கூடுதல். ஆயினும் 20 லட்சத்தை 11 விழுக்காட்டில் நான்கு ஆண்டுகளுக்கு வாங்கினால், மாதத் தவணை ஏறக்குறைய 51,700. மொத்த வட்டி 4.8 லட்சம். முதல் உரிமையாளர் மூன்றாண்டுகளில் இழந்த மதிப்பை நாம் சுமக்க வேண்டியதில்லை.

மூன்றாவது வழி ஒன்றையும் அவன் முன் வைத்தேன். 2024 நவம்பரில் மகேந்திரா நிறுவனம் அறிமுகப்படுத்திய எக்ஸ்.இ.வி. 9இ வண்டியில், உயர்தர வண்டிகளுக்குச் சமமாக 79 யூனிட் கொள்ளும் பேட்டரியும் கிடைக்கிறது. விலையோ அவற்றில் ஏறத்தாழப் பாதி. ரேவாவை 2010இல் வாங்கியதும் அந்நிறுவனமே. "புதியதே வேண்டுமென்றால் இப்படியும் ஒன்று உண்டே" என்றேன். அதை அவன் ஏற்கெனவே ஓட்டிப் பார்த்திருந்தான்; நல்ல வண்டி என்றும் ஒத்துக்கொண்டான். ஆனாலும் அவன் மனம் அதில் நிற்கவில்லை. எல்லா விருப்பத்தையும் கணக்கினால் வெல்ல முடியாது. ஆகவே கேள்வியைப் புதியதா பழையதா என்ற அளவோடு நிறுத்திக்கொண்டோம்.

பழைய மின்சாரக் காரைப் பார்க்கப்போகிறவர்கள் அறியவேண்டிய சில காரியங்களை இங்கே சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் வண்டியில் எஞ்சினைக் கேட்டுப் பார்க்கிறோம். இதில் பேட்டரியே பிரதானம். நாங்கள் முதலில் பார்த்த வண்டி கண்ணாடிபோல் மின்னியது, விலையும் மலிவு. திரையில் "100" என்று காட்டி, "பேட்டரி முழுமையாக இருக்கிறது" என்றார் விற்றவர். அது இப்போது ஏறியிருக்கும் சார்ஜின் அளவு மாத்திரமே. பேட்டரியின் ஆரோக்கியம் அல்ல. முதிர்ந்த பேட்டரியும் நூறு என்றே காட்டும். குடம் நிறைந்திருக்கிறது என்பது வேறு, குடம் சிறுத்துப்போயிருக்கிறது என்பது வேறு. ஆரோக்கிய அறிக்கையைக் கேட்டபோது அவர் பேச்சை மாற்றினார். ஓட்டிப் பார்க்கையில், கடந்த தூரத்தைவிட மிக விரைவாகச் சார்ஜ் இறங்கிற்று. வண்டியின் அடிப்பக்கத்தில் இருந்த பெரிய கீறல் ஒன்றுக்கும் அவரிடத்தில் விளக்கமில்லை. பேட்டரி இருப்பதே வண்டியின் தரைக்கடியில் அல்லவா? வணக்கம் சொல்லி வந்துவிட்டோம்.

இரண்டாவது வண்டியை அதன் உரிமையாளரே காட்டினார். நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் பேட்டரி ஆரோக்கிய அறிக்கை எடுக்க அவரே சம்மதித்தார். சர்வீஸ் சீட்டுகள் வரிசையாய் இருந்தன. பேட்டரிக்கு 8 ஆண்டு உத்தரவாதம். ஆகவே 2031 வரை உண்டு. அது இரண்டாம் உரிமையாளருக்கும் செல்லுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கினோம். மின்சாரக் கார் எடை மிகுந்தது, டயர் சீக்கிரம் தேயும், அதையும் பார்த்தோம். சார்ஜ் கேபிள், இரண்டு சாவிகள், கைபேசிச் செயலியின் உரிமை மாற்றம், கடன் தீர்ந்ததற்கான படிவம் 35, பெயர் மாற்றத்துக்கான படிவங்கள் 29, 30 ஆகிய ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி அடித்துக்கொண்டே வந்தோம். வேறு மாநிலத்தில் பதிவான வண்டியை வாங்குகிறவர்கள், நம் மாநில வரி எவ்வளவு என்பதை முன்னதாகவே விசாரிக்கவேண்டும்.

எல்லாம் முடிந்தும் அவன் கையெழுத்திடத் தயங்கினான். "தெருவில் எல்லாரும் பழைய வண்டி என்று சொல்லுவார்களே" என்றான். "வா, அப்பாவைக் கேட்போம்" என்று ஆண்டர்சன்பேட்டைக்கு அழைத்துப்போனேன்.

அக்காவின் கணவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். நோட்டை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் வாசித்தார். இருமல் அடங்கியபின், "வண்டி எனக்கா, தெருவுக்கா?" என்று மகனைக் கேட்டார். அவன் பதில் சொல்லவில்லை.

அப்பொழுது நான் வாய் திறந்தேன். "மாமா, 2001இல் நான் உங்களுக்குச் சொன்னது விசுவாசம் அல்ல. கணக்குப் பாராத வாய்ப்பேச்சு. என்னை மன்னித்துவிடுங்கள்" என்றேன். மகன் முன்பாகவே சொன்னேன், அவனும் கேட்கவேண்டியதாயிருந்தது.

அவர் நெடுநேரம் என்னைப் பார்த்தார். "நீ சொன்னாய் என்று நான் வாங்கவில்லை ஐயரே. எனக்கும் புது வண்டி ஆசை இருந்தது. உன் வாயிலிருந்து கேட்டால் அது ஆசையாய்த் தெரியாது, ஆசீர்வாதமாய்த் தெரியும் என்று உன்னிடத்தில் வந்தேன்" என்றார். பின்பு மகனிடத்தில், "வேன் போனதில் எனக்கு அவமானம் இல்லை. நீ அதன் பின்னால் ஓடினாயே, அதுதான் தாங்கவில்லை. இன்னொரு வண்டியின் பின்னால் ஓடாதே" என்றார்.

அவன் பழைய வண்டியையே எடுத்தான். இரண்டு தவணைகளுக்கும் உள்ள வித்தியாசம் மாதம் 28,700 ரூபாய். அதில் ஒரு பங்கு தகப்பனாரின் மருத்துவத்துக்கென்று தனிக் கணக்கில் சேருகிறது. லைன் வீட்டின் 15 ஆம்பியர் பிளக்கில் இரவு பத்து மணிநேரம் போட்டால் ஏறக்குறைய 30 யூனிட் ஏறுகிறது. பெங்களூர் திரும்ப அது தாராளமாய்ப் போதும். சிறுவனாய் நான் படித்தது அதே வரிசையில், ஒரே ஒரு பல்பின் கீழே.

வண்டி முதன்முதலாகத் தெருவில் நின்றபோது அது எந்த வருஷத்து வண்டி என்று ஒருவரும் கேட்கவில்லை. "இது ஏன் சத்தமே போடவில்லை?" என்று ஒரு சிறுபிள்ளை மாத்திரம் கேட்டது. அடுத்த மாதம் மருத்துவமனைக்குப் போகும் வழியில் நானும் கூடப் போனேன். ஒசகோட்டையைத் தாண்டுகையில் பின்னால் திரும்பிப் பார்த்தேன். இரயிலில் நின்றுகொண்டே அத்தனை ஆண்டுகள் அதே தூரத்தைக் கடந்த மனிதர், தலை சாய்த்து அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தார்.

பிரியமானவர்களே, உங்கள் பிள்ளைகளும் உங்களிடத்தில் இப்படிக் கேட்பார்கள். புதியதை வாங்குவது பாவமல்ல. வருமானமும் தேவையும் பொருந்தினால், உத்தரவாதம் முழுமையாயிருக்கும் புது வண்டி ஞானமான தெரிவாகவும் இருக்கலாம். ஆனால் ஆசீர்வாதத்தின் அளவு வண்டியின் வருஷத்தில் இல்லை. "ஜெபிக்கிறேன்" என்று சொல்லுமுன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து அவர்களோடு உட்காருங்கள். "இது யாருக்காக?" என்ற கேள்வியை முதல் வரியில் எழுதுங்கள். கர்த்தர் தாமே உங்கள் குடும்பங்களுக்கு நல்ல ஆலோசனை தந்து நடத்துவாராக. ஆமென்.