முகம் பார்க்கும் சட்டமும் முடி நரைத்த நாமும்

கோலா கங்சாரில் மோட்டார் சைக்கிள் ஓட்டியே கிழவர்களாகிவிட்ட நம் போன்றவர்கள் இருவர் தேநீர்க் கடையில் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் இரண்டு குறைகளில் வந்து முடியும். ஒன்று, போலீசார் அக்கிரமம் செய்பவனை விட்டுவிட்டு வழியோடு போகிறவனை நிறுத்துகிறார்கள் என்பது. மற்றொன்று, இக்காலத்துப் பிள்ளைகளுக்கு வண்டி ஓட்டும் மரியாதையே தெரியவில்லை என்பது. இவ்விரண்டையும் நாமும் வெகுகாலமாகச் சொல்லி வந்தவர்கள்தாம். ஆனால் சென்ற வருஷம் நமக்கு நேர்ந்த ஓர் அனுபவத்துக்குப் பிறகு, அவற்றை முன்போல் சொல்ல நா எழவில்லை. அதன் காரணத்தைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

முதலில் இந்த வண்டி நம் ஜனங்களுக்கு எப்படிப்பட்டது என்பதைச் சொல்லவேண்டும். 1877இல் நம் ஊரில் நடப்பட்ட கித்தாக் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. வெளியூரார் அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்த மரத்தின் இனம் இந்நாடெங்கும் பெருகியதனால் அல்லவா நம் முன்னோர் கப்பலேறி வந்தார்கள்? இருட்டோடு எழுந்து பால் வெட்டினார்கள். லயத்திலிருந்து கடைத்தெருவுக்கு நடந்தே போனார்கள். தோட்டத்து எல்லையே அவர்களுக்கு உலகத்தின் எல்லையாயிருந்தது. 1958இல் ஜப்பானில் ஹோண்டா கப் என்னும் சிறு வண்டி வெளிவந்தது. பினாங்கு வணிகர் லோ பூன் சியூ அவர்கள் ஹோண்டா வண்டிகளை இங்கே விற்கத் தொடங்கினார். நம் தகப்பனார் அதில் ஒன்றைப் பழைய வண்டியாகத் தவணையில் வாங்கிய நாளில் லயமே திரண்டு வந்து பார்த்தது. அதன் பிறகுதான் பிள்ளை பட்டணத்துப் பள்ளிக்கூடம் போனான். பிரசவ வேதனைப்பட்டவள் நேரத்தில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தாள். பின்னாளில் கித்தா போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ஜனங்கள் பட்டணத்து ஓரங்களுக்குத் தள்ளப்பட்டபோது, பஸ் வராத வீட்டையும் இரவு வேலை நடக்கும் தொழிற்சாலையையும் இணைத்தது இந்த வண்டியே. காருள்ளவனுக்கு மோட்டார் சைக்கிள் விளையாட்டாயிருக்கலாம். நமக்கோ அது ஜீவனோபாயம்.

அக்காலத்தில் ஓட்டுகிறவர்களுக்குள் ஒரு தர்மம் இருந்தது என்பது பொய்யல்ல. வழியில் ஒருவன் வண்டி நின்றுவிட்டால், பின்னால் வருபவன் தன் காலை அவன் வண்டியில் ஊன்றிப் பட்டறை வரை தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ப்பான். மழைக்குப் பாலத்தடியில் ஒதுங்கிய மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒரே நெருப்பில் சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொள்வார்கள். இன்று பாலத்தடியில் நிற்பவர்கள் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சனிக்கிழமை இரவில் புகைக்குழாயை மாற்றிய வண்டிகள் ஊரை எழுப்பிக்கொண்டு பறக்கின்றன. சில பிள்ளைகள் இருக்கையின்மேல் வயிறுபடப் படுத்துக்கொண்டு பந்தயம் விடுகிறார்கள். இவர்களைத்தான் ஊரார் ‘மாட் ரெம்பிட்’ என்கிறார்கள். இதைக் கண்டு நாம் கோபிப்பதில் தவறில்லை.

ஆனால் நம்முடைய யோக்கியதையையும் சற்றுப் பார்ப்போம். நாம் உரிமம் பெற்றது 1972இல். மறு வருஷமே தலைக்கவசம் கட்டாயம் என்று சட்டம் வந்தது. நாம் என்ன செய்தோம்? கவசத்தைக் கைப்பிடியில் தொங்கவிட்டு, அதில் மீனும் கீரையும் வாங்கி வந்தோம். போலீஸ் தலை தெரிந்தால் மட்டும் நம் தலையில் கவிழ்த்துக்கொண்டோம். எதிரே வருகிறவர் விளக்கைச் சிமிட்டி, ‘அங்கே நிற்கிறார்கள்’ என்று ஜாடை காட்டுவார். நாமும் நன்றியோடு அடுத்தவருக்குச் சிமிட்டுவோம். இதை ஒற்றுமை என்று எண்ணிப் பெருமைப்பட்டோம். முன்னால் உட்கார்ந்திருந்த நம் பிள்ளை இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டம் என்பது தன் தலையைக் காக்கும் ஏற்பாடு என்று அவன் கற்கவில்லை. சந்தியில் நிற்கும் ஒரு மனிதரே சட்டம், அவர் இல்லாதபோது சட்டமும் இல்லை என்றே கற்றான். கற்பித்தவர்கள் யார்?

இனி அந்த அனுபவத்தைச் சொல்லுகிறோம். ஈப்போவில் ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டு இரவு பதினொரு மணிக்குமேல் பழைய சாலை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஓரிடத்தில் சாலைத் தடுப்பு. இன்ன இடம், இன்னார் என்பது இங்கு அவசியமில்லை. இருபது வண்டிகளுக்குக் குறையாமல் ஓரங்கட்டப்பட்டிருந்தன. நமக்கு முன்னால் ஒரு பையன், பத்தொன்பது வயதிருக்கும், தொழிற்சாலைச் சட்டையோடு, கைப்பிடியில் சாப்பாட்டுப் பாத்திரம் தொங்க நின்றான். உரிமம், காப்புறுதி, விளக்கு எல்லாம் சரியாயிருந்தன. ஆயினும், ‘ஓரமாய் நில்’ என்றார்கள். அவன் கையில் பச்சை குத்தியிருந்தது. நிறமும் நம் நிறந்தான். அடுத்து நாம். டார்ச் விளக்கு நம் நரைத்த மீசைமேல் பட்டது. “பாக்சிக், போங்கள்” என்றார் அந்த இளைஞர் மரியாதையாக.

நண்பர்களே! நம் வண்டியின் சாலை வரி முடிந்து அன்றைக்கு ஒன்பது நாளாகியிருந்தது. அது நமக்கும் தெரியும். குற்றமுள்ளவர் போகலாம், குற்றமற்றவன் நிற்கவேண்டும் என்று ஒரு டார்ச் விளக்கு நொடிப்பொழுதில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பத்திரத்தைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தது. நாம் என்ன செய்தோம்? வாயைத் திறக்காமல் வந்துவிட்டோம்.

இரண்டு வாரம் கழித்துப் பெட்ரோல் நிலையத்தில் அந்தப் பையனைச் சந்தித்தோம். அவனே அடையாளம் கண்டு சிரித்தான். அன்றைக்கு ஒரு மணிநேரம் நிற்கவைத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பினார்களாம். “நீங்கள் ஏன் தாத்தா அவ்வளவு அவசரமாகப் போனீர்கள்?” என்று கேட்டான். குற்றஞ்சாட்டும் குரலில் அல்ல; நம் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை போலும் என்று நினைத்திருந்தானாம்! அதற்கு நாம் சொன்ன பதில் ஒரு பொய். அதை இங்கே எழுத வெட்கப்படுகிறோம்.

மழையில் நின்று கடமை செய்யும் போலீசாரைப் பகைப்பது நம் நோக்கமன்று. இந்நாட்டில் 2023இல் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் சாலையில் மாண்டார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். ஆகவே கண்காணிப்பு வேண்டாம் என்று சொல்லுகிறவன் மூடன். ஆனால் எந்தச் சட்டம் நம்மைக் காப்பாற்றியது என்று யோசியுங்கள். 1973இல் வந்த கவசச் சட்டம் காப்பாற்றியது. பகலிலும் முன்விளக்கை எரியவிட வேண்டும் என்று 1992இல் வந்த விதி காப்பாற்றியது. கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களில் இரு சக்கர வண்டிகளுக்கென்று பிரித்துக் கொடுத்த தனிப்பாதை காப்பாற்றியது. இவையெல்லாம் எல்லாருக்கும் பொதுவானவை. யாருடைய நிறத்தையும் நரையையும் கேளாதவை. குழியை அடைப்பதும், இருட்டு வளைவில் விளக்குப் போடுவதும், மிதமிஞ்சிய வேகத்தைப் பிடிப்பதும் இவ்வகையைச் சேர்ந்த காரியங்களே. கையில் பச்சை குத்தியவனை ஒரு மணிநேரம் நிறுத்தி வைப்பதால் எந்த உயிர் பிழைத்தது? அவமானப்பட்டவன் சட்டத்தை மதிக்கக் கற்பதில்லை. அதற்குத் தப்பவே கற்கிறான்.

ஆகவே நாம் போலீசாரைக் கேட்பது, முகத்தை விட்டுச் செய்கையைப் பாருங்கள் என்பதே. நம் வயதொத்த ஓட்டிகளைக் கேட்பது அதைவிடக் கடினமானது: விளக்கைச் சிமிட்டும் வழக்கத்தை விடுங்கள், பிள்ளைகளைத் திட்டுமுன் அவர்களுக்கு எதைக் காட்டி வளர்த்தோம் என்று எண்ணிப் பாருங்கள், நரைக்குக் கிடைக்கும் சலுகையை மரியாதை என்று மயங்காதீர்கள்.

நாம் மறுநாளே சாலை வரியைக் கட்டிவிட்டோம். அது பெரிய காரியமன்று. இனி ஓரிடத்தில் நம்மைப் போகச் சொல்லி, பத்திரம் சரியாயுள்ள பிள்ளையை நிற்கச் சொன்னால், நாமும் இறங்கி அவன் பக்கத்தில் நிற்பதென்று தீர்மானித்திருக்கிறோம். ஒரு கிழவர் உடன் நிற்பதைச் சட்டம் தடுக்கவில்லை. அந்தப் பையனிடம் சொன்ன பொய்க்கு நம்மால் செய்யக்கூடிய பிராயச்சித்தம் அவ்வளவே.