சின்னத் தொட்டியில் யார் யாரோடு?

வீட்டுக்குள் மீன் தொட்டி எப்படி வந்து சேர்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பிள்ளை கேட்கும். வாப்பா வாங்கிக் கொடுப்பார். ஒரு மாதம் போவதற்குள் தண்ணீர் மாற்றும் வேலை உம்மாவின் தலையில் விழுந்துவிடும். ஆகவே சகோதரிகளே, வேலை நம்முடையது என்றால், தொட்டிக்குள் எந்த மீன் போவது என்ற தீர்மானமும் நம்முடையதாக இருக்கட்டும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஏற்றவை குட்டி போடும் மீன்கள். கப்பி, பிளட்டி, மொலி, சோர்ட்டெயில் என்ற நான்கும் நம் ஊர்க் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். இவற்றின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். கப்பி வெனிசுவேலா, டிரினிடாட் பக்கத்தைச் சேர்ந்தது. பிளட்டியும் சோர்ட்டெயிலும் மெக்சிகோவிலும் அதையடுத்த மத்திய அமெரிக்க நாடுகளிலும் பிறந்தவை. நமது கீழ்நாட்டு வெப்பம் இவற்றுக்கு நன்றாக ஒத்துவரும். நுவரெலியா போன்ற குளிர் ஊர்களில் மாத்திரம் தண்ணீரைச் சூடாக்கும் கருவி வேண்டும்.

கடையில் என் மகள், "இதுல ஒண்டு, அதுல ஒண்டு எடுப்பம் உம்மா" என்று கண்ணாடியில் விரலை வைத்துக் காட்டினாள். கடைக்காரப் பையனும், "எல்லாம் ஒண்டா இரிக்கும், ஒண்டும் செய்யாது" என்றான். நான் சம்மதிக்கவில்லை. இந்த நான்கு இனமும் ஒன்றையொன்று கடித்துக் குதறுவதில்லை என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் சண்டை இல்லை என்பது ஒன்று, சேர்ந்து வாழ முடியும் என்பது வேறொன்று.

முதலில் இடத்தைப் பாருங்கள். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டியில் கல்லும் செடியும் போக ஏறக்குறைய 45 லீட்டர் தண்ணீர்தான் நிற்கும். கடையில் ஒரு அங்குலம் இருக்கும் சோர்ட்டெயில் வளர்ந்தால் நான்கு அங்குலத்தைத் தாண்டும். துள்ளி வெளியே விழும். ஆண்கள் இரண்டு இருந்தால் ஒன்றையொன்று விரட்டும். பாய்போல முதுகுச் செட்டை விரியும் மொலியும் அப்படியே பெரிதாகும். இவை இரண்டும் பெரிய தொட்டிக்கு உரியவை. சின்னத் தொட்டிக்குக் கப்பியும் பிளட்டியும் பொருத்தம். இரண்டும் ஏறக்குறைய இரண்டு அங்குலமே வளரும், ஒரே வகைத் தண்ணீரை விரும்பும், ஒன்றோடொன்று கலந்து குட்டி போடுவதுமில்லை. பிளட்டியையும் சோர்ட்டெயிலையும் சேர்த்தால் அவை கலந்துவிடும்.

அடுத்தது, நாம் பெண்கள் கவனிக்க வேண்டிய விடயம். இந்த இனங்களில் ஆண் மீன் விடியற்காலையிலிருந்து விளக்கணைக்கும் வரை பெண்ணைத் துரத்திக்கொண்டே இருக்கும். ஆணும் பெண்ணுமாகச் சோடி சோடியாக வாங்கினால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்தப் பெண் மீனுக்குத் தின்னவும் ஓய்வில்லை, நிற்கவும் ஓய்வில்லை. களைத்து, மூலையில் ஒதுங்கி, நோய் பிடித்துச் செத்துப்போகும். ஆகையால் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்கள் இருக்க வேண்டும். ஒதுங்கி நிற்கச் செடியும் அடர்த்தியாக வேண்டும். ஆணை இனங்காண்பது சுலபம். வயிற்றின் கீழ்ச் செட்டை பெண்ணுக்கு விசிறிபோல விரிந்திருக்கும், ஆணுக்கு ஈர்க்குபோல ஒடுங்கியிருக்கும்.

இனிக் கணக்கைப் பாருங்கள். பெண் கப்பி ஏறக்குறைய நான்கு கிழமைக்கு ஒருமுறை குட்டி போடும். ஒரு தடவைக்கு 20, 30 என்று வரும். இரண்டு மூன்று மாதத்தில் அந்தக் குட்டிகளும் குட்டி போடத் தொடங்கும். "பெண்ணை மட்டும் வாங்கினால் சரிதானே?" என்று கேட்பீர்கள். ஒருமுறை ஆணோடு சேர்ந்த பெண் மீன் அந்த விந்தை மாதக்கணக்கில் உடலில் வைத்திருந்து, ஆணே இல்லாமல் பலமுறை குட்டி போடும். கடைத் தொட்டியிலிருந்து வரும் பெண் மீன் தனியாக வந்தாலும் தனியாக வருவதில்லை! குட்டிகளில் பலவற்றைப் பெரிய மீன்களே தின்றுவிடும். பிள்ளைகள் அதைக் கண்டு அழுவார்கள். எல்லாம் தப்பினாலோ தொட்டி தாங்காது.

தொட்டி தாங்காதபோது மனிதர்கள் செய்வது வாளியோடு கொண்டுபோய் ஓடையில் ஊற்றுவது. தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். செரி பார்ப், கறுப்பு ரூபி பார்ப் போன்ற சின்ன மீன்கள் உலகத்திலேயே இயற்கையாக வாழ்வது நமது நாட்டின் தென்மேற்கு ஈரவலய ஓடைகளில் மாத்திரமே. அந்நிய மீன் அங்கே பெருகினால் அவற்றின் இரையும் இடமும் பறிபோகும். மிஞ்சும் கப்பிகளை அயலவருக்குக் கொடுங்கள். ஓடையோடு தொடர்பில்லாத, பாவிக்காத சீமெந்துத் தொட்டியில் விட்டால் நுளம்புக் குடம்பிகளைத் தின்னும்.

இந்தத் தொல்லைகள் வேண்டாம் என்பவர்களுக்கு நான் சொல்லும் வழி: ஆண் கப்பி ஆறு, ஆண் பிளட்டி மூன்று. கப்பியில் நிறமெல்லாம் பெரும்பாலும் ஆணுக்குத்தான். பிளட்டியில் இரண்டுக்கும் ஒரே நிறம். ஆகவே அழகில் குறையில்லை, குட்டிக் கணக்கும் இல்லை. குட்டி பார்க்கப் பிள்ளைகள் ஆசைப்பட்டால், பிளட்டியில் ஓர் ஆணும் மூன்று பெண்ணும் போதும். குட்டிகளை வாங்கிக்கொள்ளும் வீட்டை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

இவற்றோடு பைட்டர் மீனைப் போட வேண்டாம், அது கப்பியின் வாலைக் கிழிக்கும். ஏஞ்சல் வளர்ந்ததும் கப்பியையே விழுங்கும். கோல்ட் பிஷ் பெரிதாகித் தண்ணீரை விரைவில் அழுக்காக்கும்.

குழாய்த் தண்ணீரானால் அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் போனபின் ஊற்றுங்கள். கிழமைக்கு ஒருமுறை நாலிலொரு பங்கு மாற்றினால் போதும். இவை கடின நீரை விரும்புபவை. யாழ்ப்பாணம், புத்தளம் போன்ற சுண்ணக்கல் பகுதிக் கிணற்று நீர் அப்படியே பொருந்தும். மலைநாட்டு மென்னீரானால் கழுவிய சிப்பி ஓடு ஒரு கைபிடி போட்டு வையுங்கள். புதுத் தொட்டியில் முதலில் இரண்டு மூன்று மீனை மட்டும் விட்டு, ஒரு மாதம் சென்றபின் மற்றவற்றைச் சேருங்கள். கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் கல்லிலும் பஞ்சிலும் பெருக அவ்வளவு காலம் பிடிக்கும்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றது நினைவிருக்கும். காற்று மோட்டாரும் நின்றது. ஒன்பதே மீன் இருந்ததால் எங்கள் தொட்டியில் ஒன்றும் சாகவில்லை. நெரிசலாக மீன் வைத்திருந்த வீடுகளில் காலையில் பல மீன்கள் மிதந்தன.

ஓடைக்கு வழி தெரியாத உயிரை நாம் கண்ணாடிக்குள் அடைத்து வைத்திருக்கிறோம். அது நம்மிடம் இருக்கும் அமானிதம். கடைக்குப் போகுமுன் எண்ணிக்கையை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பிள்ளையின் கையில் கொடுங்கள். அந்தக் கணக்குக்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்று கடைக்காரரிடம் பிள்ளையே சொல்லட்டும்.