ஹோட்டன் சமவெளி ஓடையில் ஒரு மீன்

எங்கள் சிறுசேமிப்புக் குழுப் பெண்கள் இம்முறை சுற்றுலாவுக்கு ஹோட்டன் சமவெளியைத் தெரிவு செய்தார்கள். மொத்தம் பதினெட்டுப் பேர். அனைவரும் நுவரெலியா மாவட்டத் தோட்டங்களிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஆயினும் இருவரைத் தவிர வேறெவரும் அங்கு போனதில்லை. “பக்கத்துல இருக்கிற எடந்தானேன்னு போகாமலே இருந்துட்டோம் மிஸ்” என்று ஒருவர் சிரித்தார். காரணம் அதுமட்டுமல்ல என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேலை நாளில் போனால் அன்றைய பேர் விழாது. ஞாயிற்றுக்கிழமையோ உடுப்புத் துவைக்கவும் விறகு தேடவுமே போதாது.

விடியற்காலை நான்கு மணிக்கு வேனில் புறப்பட்டோம். பட்டிப்பொலையைத் தாண்டும்போது இன்னும் இருட்டாகவே இருந்தது. இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் அங்குதான் உள்ளது. அதன் உயரம் 1891 மீற்றர். அங்கிருந்து மேலும் ஏறினால், ஏறத்தாழ 2100 மீற்றர் உயரத்தில் சமவெளி விரிகிறது. பூங்காவின் வாயிலில் எங்கள் பைகளைச் சோதித்து, பொலித்தீனை எல்லாம் எடுத்துவிட்டார்கள். ரொட்டியையும் சம்பலையும் கடதாசியில் மாற்றிச் சுற்றிக்கொண்டோம்.

சிங்களத்தில் இவ்விடத்துக்கு மகா எலிய என்று பெயர். 1834இல் பிரித்தானியப் படை அதிகாரிகள் இங்கு வந்தபின், அப்போதைய தேசாதிபதி வில்மட் ஹோட்டனின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. 1988இல் தேசியப் பூங்காவாகியது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய இரு காடுகளுடன் சேர்ந்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. புல்வெளியில் மரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. பிள்ளைகளுக்குக் காட்டவென்று எல்லோரும் கைத்தொலைபேசியை எடுத்தார்கள்.

உலக முடிவைப் பார்த்துவிட்டு, பேக்கர் நீர்வீழ்ச்சிப் பக்கமாகத் திரும்பினோம். வழியில் பெலிஹுல் ஓயாவின் கரையில் எங்கள் குழுவின் கணக்குப் பிள்ளை நின்றுவிட்டார். கணக்குப் புத்தகத்தைப் பிழையின்றி எழுதுபவர் என்பதால் அவரை அப்படித்தான் அழைப்போம். அதிகம் பேசாதவர். நீரின் ஓட்டத்துக்கு எதிராகத் தலையை வைத்து, வாலை மட்டும் அசைத்தபடி ஒரு மீன் நின்றது. உடம்பெங்கும் கரும்புள்ளிகள், விலாவில் மங்கிய இளஞ்சிவப்புக் கோடு.

“இது என்ன மீன் மிஸ்?”

“ரெயின்போ ட்ரவுட்” என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “இதுக்குத்தான் மிஸ் நான் நாலு வருசம் ஈ கட்டினேன்” என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. கல்லில் அமர்ந்து ரொட்டி சாப்பிட்டபடியே அவர் சொன்னார். திருமணத்துக்கு முன் கொழும்புப் பக்கத்தில் ஓர் ஏற்றுமதித் தொழிற்சாலையில் வேலை செய்தாராம். அங்கு மண்டபம் நிறையப் பெண்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சிறிய வைஸ். அதில் தூண்டில் முள்ளைப் பிடித்துவைத்து, நூலைச் சுற்ற வேண்டும். சேவல் இறகின் சில இழைகள் வாலாகும். முயல் மயிரை மெழுகு தடவிய நூலில் முறுக்கிச் சுற்றினால் அது வயிறு. மெல்லிய கம்பியைச் சுற்றினால் பூச்சியின் வரிகள். சேவலின் கழுத்து இறகைக் குறுக்கே சுற்றினால் கால்கள். கடைசியில் முடிச்சிட்டு, ஒரு துளி வார்னிஷ். முள்ளின் இலக்கம் கூடக்கூட முள் சிறியதாகும். பதினெட்டாம் இலக்கம் ஓர் அரிசி மணியளவே இருக்கும் என்று விரல் நுனியைக் காட்டினார்.

“ஒரு நாளைக்கு இத்தனை டசன்னு கணக்கு. ஒரே மாதிரி இருக்கணும். வால் ஒரு மயிர் நீண்டாலும் திருப்பிக் குடுத்துருவாங்க. வெளிநாட்டுல மீன் பிடிக்கிறதுக்குன்னு மட்டும் சொன்னாங்க. என்ன மீனுன்னு யாரும் காட்டல.”

“இவ்வளவு லேசான ஈயை எப்படி மிஸ் தூரத்துக்கு எறிவாங்க?” என்று பக்கத்திலிருந்தவர் கேட்டார். சாதாரணத் தூண்டிலில் ஈயக் குண்டின் பாரம்தான் நூலை இழுத்துச் செல்கிறது. இந்த முறையில் பாரம் நூலிலேயே இருக்கிறது. தடித்த அந்த நூலைச் சாட்டையைப் போல் பின்னும் முன்னும் வீசினால், அதன் நுனியிலுள்ள ஈயும் கூடவே போய் நீரின்மேல் மெதுவாக இறங்கும். ட்ரவுட் நீரோட்டத்தில் மிதந்துவரும் பூச்சிகளைத் தின்னும். அந்தப் பூச்சியென்று நம்பினால்தான் வாயைத் திறக்கும். ஆகவே பிடிப்பவரின் கைத்திறமைக்குச் சமமானது, கட்டுபவரின் கைத்திறமை.

அந்த மீனும் இந்த ஓடைக்குச் சொந்தமானதல்ல. வட பசுபிக் கரையோர ஆறுகளே அதன் தாயகம். காப்பி அழிந்து தேயிலை ஊன்றப்பட்ட 1880களில், தங்கள் நாட்டுப் பொழுதுபோக்கை இங்கும் தொடர விரும்பிய பிரித்தானியர் முதலில் ஐரோப்பாவின் பழுப்பு ட்ரவுட்டைக் கொண்டுவந்தார்கள். பின்னர் வந்த ரெயின்போ ட்ரவுட்தான் இந்தக் குளிர்ந்த நீரில் நிலைத்துப் பெருகியது. நம் பாட்டன் பாட்டிமார் மலையில் முதுகு வளைந்த நாட்களில், துரைமார் ஓடைக்கரையில் தூண்டில் வீசினார்கள். அந்தப் பொழுதுபோக்கின் விலையை ஓடையும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இவ்வோடைகளுக்கே உரிய சிற்றிறாலை ட்ரவுட் இரையாக்குவதாக உயிரியலாளர் கவலைப்படுகின்றனர். இப்போது பூங்காவுக்குள் தூண்டில் போட முடியாது. பார்க்கலாம், அவ்வளவுதான்.

வீடு திரும்பியதும் இதைப் பற்றித் தேடி வாசித்தேன். 1496இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூலொன்று பன்னிரண்டு வகை ஈக்களைச் சொல்கிறது. அதை ஒரு பெண் துறவி எழுதியதாக நெடுங்காலம் நம்பப்பட்டது. அறிஞர்கள் இன்று அதை உறுதியாக ஏற்பதில்லை. அமெரிக்காவின் வேர்மொன்ட் மாநிலத்தில் தந்தையின் நிறுவனத்தில் ஈ கட்டும் பெண்களுக்குத் தலைமை தாங்கிய மேரி ஓர்விஸ் மார்பரி, 1892இல் ஈக்களின் வரலாற்றையே பெரிய நூலாக வெளியிட்டார். ஸ்கொட்லாந்தின் மேகன் பொய்ட், கடற்கரையோரக் குடிசையில் அமர்ந்து வாழ்நாளெல்லாம் சமன் மீனுக்கு ஈ கட்டினார். 1971இல் அவருக்கு அரச பதக்கம் கிடைத்தது. அவர் தூண்டில் போட்டு மீன் பிடித்தவரல்லர். 2001இல் மறைந்தார். அவர் கட்டிய ஈக்களை இன்று சேகரிப்போர் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துப் பாதுகாக்கிறார்கள்.

எங்கள் கணக்குப் பிள்ளை கட்டிய ஈக்கள் எந்த நாட்டு ஆற்றில் விழுந்தன என்று யாருக்கும் தெரியாது. அவற்றின் பெட்டியில் அவர் பெயர் இருந்திருக்காது. சமூகவியல் வகுப்பில், உழைப்பவருக்கும் உழைப்பின் பயனுக்கும் இடையே விழும் பிரிவைப் பற்றிப் பரீட்சைக்கு எழுதிச் சித்தியடைந்தவள் நான். அந்தப் பிரிவு எவ்வளவு அகலமானது என்பதை அந்த ஓடைக்கரையில்தான் கண்டேன்.

இரண்டு வாரம் கழித்து அவருடைய லயத்துக்குப் போனேன். குறடொன்றின் பிடியில் இறப்பர் வளையம் மாட்டி இறுக்கி, அதை வைஸ் ஆக்கியிருந்தார். கடைத்தெருவில் வாங்கிய சிறிய தூண்டில் முள், தையல் நூல், பக்கத்து வீட்டுச் சேவலின் இறகு. பத்து நிமிடம் கூட ஆகவில்லை. மகளின் உள்ளங்கையில் வைத்தபோது, அது பறந்துவிடுமோ என்று அவள் கையை மூடிக்கொண்டாள்.

“கண்ணு முன்ன மாதிரி இல்ல மிஸ். ஆனா கை மறக்கல” என்றார் அவர்.

அன்றிரவு குழு அங்கத்தவர் படிவங்களை எடுத்துப் பார்த்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் நானே நிரப்பிய அவருடைய படிவத்தில், “கைத்தொழில் அறிவு” என்ற இடத்தில் “இல்லை” என்று எழுதியிருந்தது. அப்போது நான் கேட்டதற்கு அவர், “சும்மா பெக்டரியில இருந்தேன் மிஸ்” என்றிருந்தார். நானும் அதற்குமேல் கேட்கவில்லை. அந்தச் சொல்லை வெட்டிவிட்டு, அவர் ஓடைக்கரையில் சொன்னதையெல்லாம் எழுதினேன். அந்தக் கட்டத்துக்குள் இடம் போதவில்லை.

மற்றப் பதினேழு படிவங்களையும் இப்போது மீண்டும் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். சகோதரிகளே, “சும்மா இருந்தேன்” என்று உங்களிடம் ஒரு பெண் சொன்னால், தயவுசெய்து இன்னொரு கேள்வி கேளுங்கள்.